கெடாக்காரியுடன் ஐந்து நாள்

செப்டம்பர் விடுமுறை ஒரே வாரம்தான். அதற்கு எங்கே போவது என்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று ஆசை. மகனுக்கு ஜப்பான் (காசு யார் தருவது என்பது அவன் கவலை இல்லை), கணவருக்கு எங்கேயும் போகாமல் சோபா, எனக்குப் பல வருடமாகக் கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா. அம்மாவை யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் யீஷூனில் அவர் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது, "பினாங்கில் மூன்று நாள், அப்புறம் கெடா பக்கம் இரண்டு நாள், சோழர் காலத்து இடமெல்லாம் பார்த்துவிட்டு வரலாம்" என்று நான் திட்டத்தை அவிழ்த்துவிட, அம்மா சட்டினிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க தோட்டத்துப் பக்கமா?" என்றார். அவ்வளவுதான், அன்றைக்கே நான்கு டிக்கெட் ஆனது.

அம்மா பிறந்தது சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ரப்பர் என்று நான் எழுதுகிறேன், அவர் வாயில் அது எப்போதும் பால்மரம். பதினான்கு வயதில் பால் வெட்டப் போனவர், 1974இல் இருபது வயதில் அப்பாவைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்தார். அப்பாவுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. தாத்தா பாட்டி இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறையாவது ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். அவர்கள் போய்ச் சேர்ந்ததும், மாமாக்கள் கிள்ளான் பக்கம் குடிபெயர்ந்ததும், போவதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. கடைசியாகப் போனது 1988. எனக்கு அப்போது எட்டு வயது. நினைவில் இருப்பது ஒரு கறுப்பு நாயும், இரவில் கழிவறைக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டு படுத்திருந்ததும்தான்.

சாங்கியிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே வாடகைக் கார். இதுவரை எல்லாம் சுலபம். ஜார்ஜ் டவுனில் நான் பிடித்திருந்த அறை, பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக்கிய இடம். படங்களில் பூப்போட்ட தரை ஓடு, மரச் சன்னல், நடுமுற்றத்தில் தொட்டி எல்லாம் இருந்தது. படிக்கட்டு மட்டும் படத்தில் இல்லை. மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது, படி என்பது ஏறக்குறைய சாய்த்து வைத்த ஏணி. எழுபத்தொரு வயது முழங்காலோடு அம்மா அதை நிமிர்ந்து பார்த்து, "பாரம்பரியம்னா இதுதானா?" என்றார். கீழ்த்தள அறை ஏதாவது உண்டா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் கட்டணம் என்றார்கள். பதிவு செய்யும்போதே வயதானவர் வருகிறார் என்று எழுதியிருந்தேன். வாதாடத் தெம்பில்லை, கட்டினோம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பழைய வீடுகளில் அறை எடுக்கும் முன் மறக்காமல் படியைப் பற்றிக் கேளுங்கள்.

சிங்கப்பூருக்குப் பினாங்கு அக்கா முறை. பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்து இறங்கியது 1786இல், ராபிள்ஸ் இங்கே இறங்கியது 1819இல். முப்பத்துமூன்று வயது மூத்த அக்கா. ராபிள்ஸே முதலில் 1805இல் வேலைக்கு வந்தது பினாங்குக்குத்தான். நம் ஆள் நாராயண பிள்ளையும் பினாங்கிலிருந்துதான் 1819இல் ராபிள்ஸின் கப்பலில் சிங்கப்பூர் வந்து, செங்கல் சூளை போட்டு, துணி வியாபாரம் செய்து, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலுக்கு அடி போட்டவர். அதனால்தானோ என்னவோ, அந்த ஊரில் நடக்க நடக்க எனக்கு ஒரே மயக்கம். இங்கே ஒரு சூலியா தெரு, அங்கே ஒரு சூலியா தெரு. தெலுக் ஆயரில் ஒரு நாகூர் தர்கா, அங்கேயும் ஒரு நாகூர் தர்கா. குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833 என்று போட்டிருந்தது, அது மட்டும் தங்கை முந்திக்கொண்ட விஷயம். கோபுரத்தின் கீழே நின்று என் மகன், "நம்ம தேக்காவ யாரோ கொஞ்சம் கலைச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றான். தேக்கா என்பது எங்கள் லிட்டில் இந்தியா.

சரி, தங்கைக்குப் பணம் வந்தது, பழைய வீடுகளில் பாதியை இடித்துவிட்டு மாடி கட்டிக்கொண்டாள். அக்கா அதே வீட்டில் இருந்துவிட்டாள், 2008இல் யுனெஸ்கோ வந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இப்போது அந்த வீடுகளில் கோப்பிக் கடைகளும் விடுதிகளும். ஆனால் முழுக்க அப்படியும் இல்லை. கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையான அஞ்சடியில் நடக்கும்போது இரண்டு கடை தாண்டினால் மோட்டார் சைக்கிள், மூன்றாவது கடையில் ஒருவர் ஸ்டூல் போட்டு பத்திரிகை படிக்கிறார், நான்காவதில் ஊதுவத்திக் குச்சிகளைச் சாயம் தோய்த்துக் காயவைத்திருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு பத்தடிக்கும் தெருவில் இறங்கி ஏற வேண்டும். நம் ஊர் அஞ்சடியில் ஒரு தூசி இருக்காது, ஒரு ஆளும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஒரே தெருவில் 1818ஆம் ஆண்டு தேவாலயம், குவான் யின் கோயில், கொஞ்சம் தள்ளி மாரியம்மன், அப்புறம் கபித்தான் கிளிங் பள்ளிவாசல். பள்ளிவாசலின் முன்னால் நான் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன். 1801இல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர், அன்றைய இந்திய முஸ்லிம் சமூகத்துக்குத் தலைவராக இருந்தவர், கட்டத் தொடங்கியது. கிளிங் என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். என் அப்பா காலத்தில் அது வசவு. பட்டறையில் யாராவது அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அதே சொல் இங்கே குவிமாடத்துக்குக் கீழே, தெருப்பெயர்ப் பலகையில், கபித்தான் என்ற மரியாதையோடு சேர்ந்து நிற்கிறது. மகனிடம் இதைச் சொன்னேன். அவன் பலகையைப் படம் எடுத்துக்கொண்டான். அந்த ஊரில் படிப்பதற்குப் பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை. கல்வெட்டு, தகடு, வரைபடம், இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரம் என்று மூலைக்கு மூலை ஏதோ ஒன்று நமக்குக் கதை சொல்லிக்கொண்டே இருக்கும். அம்மா இரண்டாம் நாளே சலித்துவிட்டார். "எல்லாத்துக்கும் எழுதி மாட்டிருக்கான். நம்மளா ஒண்ணு பாக்க விட மாட்டேங்குறான்."

ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகிற சுவரோவியம் ஒன்று உண்டு, 2012இல் வரைந்தது, சைக்கிள் மட்டும் நிஜம். அதோடு படம் எடுக்க வரிசை. வெயிலில் இருபது நிமிடம் நின்று எடுத்தோம், மகன் கண்ணை மூடியிருக்கிறான். பினாங்கு மலைக்குப் போகும் 1923ஆம் வருட மலை ரயிலுக்கும் வரிசை, அங்கேயும் நின்றோம், மேலே மேகம். இரண்டையும் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சாப்பாடு பற்றிச் சொல்ல இருக்கிறது. 1907 முதல் நடக்கும் ஹமீதியாவில் நாசி கண்டார் சாப்பிடத்தான் போனோம். வரிசை தெருமுனையைத் தொட்டது. அம்மாவுக்காக அடுத்த சந்தில் வேறு கடைக்குள் நுழைந்தோம், அங்கேயும் குறைவில்லை. தட்டில் சோறு, அதன் மேல் மீன் குழம்பு ஒரு கரண்டி, கோழிக் குழம்பு ஒரு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி, கறுப்பாக ஏதோ ஒரு கரண்டி என்று எல்லாவற்றையும் கலந்து ஊற்றுவதற்குப் பெயர் பாஞ்சிர், அதாவது வெள்ளம். சோறு தெரியாத அளவுக்கு ஊற்றினால்தான் அவர்களுக்குத் திருப்தி. மகன் கைபேசியில் பார்த்து, அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் ஒரு கம்பைப் போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத்து வேலைக்காரர்களுக்கு விற்பார்கள், அந்தக் கம்புதான் கண்டார், என்று வாசித்தான்.

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அட, காண்டா!"

தோட்டத்தில் பால் வாளி தூக்கும் கம்புக்குக் காண்டா என்று பெயர். எத்தனையோ தடவை அவர் வாயில் கேட்ட சொல், அது மலாய் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. குழம்புக் கையோடு எழுந்து நின்று, இல்லாத கம்பைத் தோளில் வைத்து, கொஞ்சம் முழங்காலை மடித்து நடந்து காட்டினார். நிறைந்த வாளி இரண்டு பக்கமும் தொங்கும்போது கம்பு வளைந்து வளைந்து எழும், அது எழும்போது நாம் அடி வைக்க வேண்டும், தாழும்போது வைத்தால் பால் சிந்தும், சிந்தினால் கங்காணி உன் பேரைக் குறித்துக்கொள்வான். இதை நடுக்கடையில் இரண்டு மேசைக்கு நடுவே செய்து காட்டினார். கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்து நின்றே பார்த்தார். "நம்ம அத்தா காலத்துல இப்படித்தாம்மா நடப்பாங்க" என்று தமிழிலேயே சொன்னார். ஆள் கடையநல்லூர் பூர்வீகமாம். காசு வாங்கும்போது அம்மாவின் தே தாரிக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்காம் நாள் காலை தீவைவிட்டுப் புறப்பட்டோம். பாலத்தில் போனால் நேராகப் போகலாம், 13.5 கிலோமீட்டர், அரை மணியில் அந்தப் பக்கம். அம்மா மறுத்துவிட்டார். அவர் இந்த ஊரைவிட்டுப் போனபோது பாலமே இல்லை, அது 1985இல்தான் வந்தது. அவருக்குப் பினாங்கு என்றால் ஃபெரி. தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் எல்லோரும் ஏறிக்கொண்டு பட்டர்வொர்த் வந்தால், லாரி அப்படியே ஃபெரிக்குள் ஏறிவிடுமாம், அந்தக் கரையில் இறங்கித் தண்ணீர்மலைக்குப் போவார்களாம். இப்போது வரும் புதுப் படகுகளில் கார் ஏற்ற முடியாது, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். எனவே என் கணவர் ஒற்றையாகக் காரை எடுத்துக்கொண்டு பாலத்தில் போக, நாங்கள் மூவரும் ஃபெரியில். கால் மணி நேரப் பயணம். அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, வாயைத் திறக்கவே இல்லை. இறங்கும்போது, "சின்னதா போயிருச்சு" என்றார். படகையா, கடலையா என்று நான் கேட்கவில்லை. பாலத்தில் நெரிசல், கணவர் வந்துசேர நாற்பது நிமிடம் பட்டர்வொர்த்தில் காத்திருந்தோம். வந்தவர் முகத்தைப் பார்த்து அம்மாவே, "மாப்பிள்ளைக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுடி" என்றார்.

மூடா ஆற்றைத் தாண்டியதும் கெடா மாநிலம். நாங்கள் தங்கியது யான் பக்கம் ஒரு கம்பத்தில் (கிராமத்தில்), வயலுக்கு நடுவே ஒரு மலாய்க் குடும்பம் நடத்தும் வீட்டில். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல், பின்னால் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரம் என்பது பெரிய மலைக்காரர்களுக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் சுற்றிலும் தட்டையான நிலமும் கடலும் இருக்க, அது தனியாக எழுந்து நிற்கும்போது வேறு எதையும் பார்க்கத் தோன்றாது. காரைவிட்டு இறங்கியதும் வீட்டுக்காரம்மா ஏதோ சொல்ல, எனக்குப் பாதி புரியவில்லை. நான் இங்கே பள்ளியிலும் வேலையிடத்திலும் பழகிய மலாய் வேறு. அம்மாவோ படபடவென்று ஆரம்பித்துவிட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அம்மாவின் மலாயை யீஷூனில் பக்கத்து வீட்டு மாக்சிக் ஐம்பது வருடமாகக் கேலி செய்துகொண்டிருக்கிறார். போ என்பதற்கு எல்லோரும் பெர்கி என்றால் அம்மா 'பீ' என்பார். வா என்பதற்கு 'மாய்'. ஏன் என்பதற்கு 'அவாட்'. நீ என்பதற்கு 'ஹாங்'. நான் சின்ன வயதில் வெட்கப்பட்டிருக்கிறேன், நம் அம்மாவுக்குச் சரியாக மலாய் வராது என்று. அவருக்கு வந்தது சரியான மலாய்தான், கெடா மலாய். இங்கே வீட்டுக்காரம்மாவும் அதே பீ, அதே மாய், அதே அவாட். பத்து நிமிடத்தில் இருவருக்கும் ஒரே வயது, ஒரே முழங்கால் வலி, ஒரே தைலம் என்று தெரிந்துவிட்டது. அன்று இரவு எங்களுக்கு மீன் குழம்பும், பச்சை இலைகளும், அந்த வயலிலேயே விளைந்த அரிசிச் சோறும். அம்மாவும் அந்த அம்மாவும் எங்களுக்குப் பரிமாறவே இல்லை, நாங்களே போட்டுக்கொண்டோம்.

காலையில் எழுந்தபோது அறுவடை இயந்திரம் ஓடும் சத்தம். பாதி வயல் அறுத்தாகிவிட்டது, மீதி மஞ்சளாகப் பழுத்து நின்றது. இயந்திரத்துக்குப் பின்னால் நாற்பது ஐம்பது கொக்குகள், அது திரும்பும் பக்கமெல்லாம் அவையும் திரும்பி, கிளம்பும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டு. மகன் கைபேசியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்கு நான் சாட்சி. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த வயல்களில் வருடத்துக்கு ஒரு போகம்தான். 1970ஐ ஒட்டி மூடா, பெடு அணைகள் வந்து, வாய்க்கால் வெட்டிய பிறகுதான் இரண்டு போகம். ஏறக்குறைய 1,00,000 ஹெக்டேர் பாசனம், மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று கெடாவைச் சொல்வது இதனால்தான். அம்மாவின் நினைவில் இருந்தது அணை இல்லை, மீன். அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றும்போது தோட்டத்துப் பிள்ளைகள் வந்து சேற்றில் பனையேறிக் கெண்டை பிடிப்பார்களாம். டுரியான் பருவம் முடிந்துவிட்டது என்பதில் மட்டும் அவருக்குத் தீராத வருத்தம்.

பத்து மணிக்கு என் கடாரம். மெர்போக்குக்குப் பக்கத்தில், ஜெராயின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். வழியெல்லாம் நான் மகனுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். ராஜேந்திர சோழன், 1025, அலைகடல் நடுவே பல கலம் செலுத்தியது, மெய்க்கீர்த்தியில் 'கடுமுரட் கடாரம்' என்று வருவது, கடாரம் கொண்டான் என்ற பட்டம், எல்லாம். உள்ளே போனோம். மரங்களுக்கு இடையே, சரிவில், பக்கத்தில் ஓடை சலசலக்க, கருங்கல்லில் ஒரு மேடை. அதன் முன்னால் தாழ்வாக இன்னொரு மேடை, அதில் வரிசையாகத் தூண் நிறுத்திய கற்கள். அதுதான் சண்டி புக்கிட் பத்து பஹாட். சண்டி என்றால் இங்கே பழங்கோயில்.

"இவ்வளவுதானா?" என்றான்.

எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இது முழங்கால் உயரம். ஆனால் சுற்றி வந்தபோது மெல்ல மெல்லப் பிடிபட்டது. உயரமான மேடை விமானம், தாழ்வானது மண்டபம், நாம் கோயிலுக்குள் நுழைகிற அதே வரிசை. தூண்களும் கூரையும் மரத்தில் இருந்திருக்கின்றன, மழைக்காட்டில் மரம் எத்தனை நாள் தாங்கும். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் இதைத் தோண்டினார், 1960ஐ ஒட்டி அலாஸ்டர் லாம்ப் கற்களை அடுக்கி நிறுத்தினார். அடியில் கிடைத்த கல்பெட்டிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னக் குழிகள் வெட்டிய கல், ஒவ்வொரு குழியிலும் மணியோ உலோகமோ வைத்துப் புதைப்பது. நம் ஊரில் புது வீட்டுக்கு அடித்தளம் போடும்போது நவரத்தினமும் நவதானியமும் போடுகிறோமே, அது. ராஜேந்திரனைவிட அந்தக் குழிக்கல் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. படையெடுத்து வந்தவன் கப்பலில் திரும்பிப் போய்விட்டான். குழிக்குள் மணியை வைத்தவன் இங்கேயே இருக்கத்தான் வைத்திருக்கிறான்.

அதிலும் ஒரு விசித்திரம். ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் காலத்தில் கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்ட, சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கல் வாங்கலாக இருந்தவர்கள், பிள்ளை காலத்தில் கடற்படை அனுப்புகிறார்கள். சீனாவுக்குப் போகும் வணிக வழி யார் கையில் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் விளக்க, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, "அதான, நடுவுல கமிஷன் அடிச்சிருப்பான்" என்றார். நான் நாலு புத்தகம் படித்துப் புரிந்துகொண்டது அது.

2013இல் இந்தப் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு பழைய கோயில் அடித்தளத்தை வீடு கட்டும் வேலைக்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள், பெரிய சத்தம் ஆனது. இருப்பது முழங்கால் உயரம், அதற்கும் இந்தக் கதி.

வெளியே வந்து காரைத் தேடும்போது அம்மாவைக் காணோம். சாலையோரம் நாலைந்து பழைய பால்மரங்கள், அதன் கீழே குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கித்தா விதை. புளியங்கொட்டையைவிடப் பெரிது, பழுப்பில் கறுப்புத் திட்டுகள், வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு. மகனைக் கூப்பிட்டு, "இங்க வா ராசா, பாட்டி ஒண்ணு காட்டுறேன்" என்று சொல்லி, சிமெண்டுத் திட்டில் விதையைப் பரபரவென்று தேய்த்து, அவன் கையில் வைத்தார். அவன் அலறிய அலறலில் காவலாளி எட்டிப் பார்த்தார். அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நான் அப்படி ஒரு சிரிப்பை அப்பா போன பிறகு கேட்டதில்லை.

மதியம் தோட்டம். இங்கேதான் சிக்கல். வழிகாட்டிச் செயலியில் தோட்டத்துப் பெயரை அடித்தால் ஒரு பச்சைப் பரப்பைக் காட்டி, அதற்குள் சாலையே இல்லை என்றது. முக்கியச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சடக்கில் இறங்கினோம். இரண்டு பக்கமும் செம்பனை, மேலே ஓலைகள் கூடிக்கொண்டு உள்ளே இருட்டு. எல்லா வரிசையும் ஒரே மாதிரி. முதல் வளைவிலேயே அம்மா, "இது இல்ல, திருப்புங்க மாப்பிள்ளை" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "மலை இந்தப் பக்கம் தெரியக்கூடாது. எங்க லயத்து வாசல்ல நின்னா வலது கைப்பக்கம், கொஞ்சம் தலைய சாச்ச மாதிரி தெரியணும்." லயம் என்றால் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு. சரி என்று திருப்பினோம். இன்னொரு சடக்கு. ஓலை விலகும் இடங்களில் எல்லாம் காரை நிறுத்தச் சொல்லி, எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்", "ரொம்ப வந்துட்டோம்", "இப்ப சரி, நேரா" என்று அரை மணி நேரம். வங்கக்கடல் தாண்டி வந்த பழங்காலக் கப்பல்களுக்கு இந்த ஜெராய்தான் அடையாளம் என்று காலையில் அருங்காட்சியகத்தில் நான்தான் வாசித்துக் காட்டியிருந்தேன். மூன்று நாளாக அதிகம் பேசாத என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "சோழன் கப்பலுக்கும் அத்தைக்கும் ஒரே ஜிபிஎஸ்" என்றார்.

முதலில் கண்ணில் பட்டது கோயில். தகரக் கூரை, புதிதாக அடித்த மஞ்சள் சாயம், பூட்டிய கம்பிக் கதவுக்குள் மாரியம்மன். மோட்டார் சைக்கிளில் வந்த தமிழ்க்காரர் ஒருவர், தோட்டத்துக் காவல் வேலை, யார் என்ன என்று விசாரித்தார். லயமெல்லாம் இடித்து வெகுகாலம் ஆச்சு, பள்ளிக்கூடம் பட்டணத்துப் பக்கம் போயிருச்சு, திருவிழாவுக்கு மட்டும் பழைய ஆளுங்க எல்லா ஊரிலிருந்தும் வருவாங்க, என்றார். அம்மா அவரிடம் ஏழெட்டுப் பெயர் கேட்டார். ஒன்று மட்டும் அவருக்குத் தெரிந்தது, அந்த ஆளும் இப்போது இல்லை.

கோயிலிலிருந்து அம்மா நடக்க ஆரம்பித்தார். இது காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், இது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகை, இது பால் ஸ்டோர், இங்கே தண்ணீர்க் குழாய், எதிரே கங்காணி வீடு. செம்பனை, செம்பனை, செம்பனை, செம்பனை. ஒரு இடத்தில் நின்று மலையைப் பார்த்தார். இரண்டடி பின்னால் வைத்தார். திரும்பவும் பார்த்தார். "இங்கதான்."

அங்கே ஒன்றும் இல்லை. மரத்தில் வெள்ளைச் சாயத்தில் ஒரு எண், கீழே காய்ந்த ஓலைக் குவியல். மகன் கைபேசியை எடுத்துவிட்டு, "எதைப் படம் எடுக்குறது பாட்டி?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அம்மா யோசித்துவிட்டு, தான் நிற்கும் இடத்திலிருந்து மலையை எடுக்கச் சொன்னார். மலை, ஓலை, ஓரத்தில் அம்மாவின் முந்தானை. இந்தப் பயணத்தில் எடுத்த முந்நூறு சொச்சப் படங்களில் அதைத்தான் அவர் அச்சடித்துத் தரச் சொன்னார். பிறகு காருக்குப் போய், கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து, வீட்டுக்காரம்மா பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்திருந்த தேத்தண்ணியைக் குடித்தார். அழுவார் என்று நான் கையில் டிஷ்யூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். "கொசு பிடுங்குது, போலாமா?" என்றார்.

திரும்பும் வழியில் மகன், "அப்ப பாட்டி, நீங்க கடாரத்துக்காரங்களா?" என்றான். என் பாடம் வீண்போகவில்லை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கடாரமோ கிடாரமோ. நான் கெடாக்காரி."

சிங்கப்பூர் வந்து மூன்று நாள் ஆகிறது. நேற்று துணி துவைக்கும் இயந்திரம் கடகடவென்று சத்தம் போட, பழுதாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திப் பார்த்தால், மகனின் கால்சட்டைப் பையில் இரண்டு கித்தா விதை. எடுத்துக் குப்பையில் போடச் சொன்னேன். போட்டுவிட்டேன் என்றான். இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது வாசல் பக்கம் சிமெண்டில் பரபரவென்று ஏதோ தேய்க்கும் சத்தம் கேட்டது, நானும் கவனிக்காமல் இருந்துவிட்டேன். இடது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இப்போது ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி.